பெட்டகத்துக்கு இரண்டு சாவி, கம்ப்யூட்டருக்கு?

காலை ஒன்பதே முக்கால் மணி. நாட்டின் எந்த மூலையில் உள்ள வங்கிக் கிளையாக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். ஹெட் கேஷியர் தன்னிடம் உள்ள சாவியுடன் பெட்டக அறைக்குப் போகிறார். அதிகாரி இன்னொரு சாவியுடன் பின்னால் வருகிறார். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மேனேஜரே ஆனாலும் தனியாக வந்து திறக்க வழியில்லை. "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று இதற்காக எந்த கேஷியரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒருவர் லீவில் போனால் சாவி கைமாறும். அதற்கென்று ஒரு பதிவேடு, தேதி, நேரம், இரண்டு கையெழுத்து.

அதே கிளை, பதினோரு மணி. கவுன்டரில் கூட்டம். ஒரு பெரிய தொகையை அனுப்ப அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதிகாரியோ வட்டார அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கிறார். போன் போகிறது. "என் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமே மேடம், போட்டு முடிச்சிடுங்க" என்று பதில் வருகிறது. வேலை முடிகிறது. வாடிக்கையாளருக்கும் திருப்தி. சில லட்சம் ரூபாய் நோட்டுகள் இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. கோடிக்கணக்கில் பணத்தை நகர்த்தக்கூடிய கம்ப்யூட்டருக்கு ஒரு டெலிபோன் கால்.

இந்தப் பழக்கத்துக்கு எதிரான விதி ஒன்று கம்ப்யூட்டர் துறையில் அரை நூற்றாண்டாக இருக்கிறது. குறைந்தபட்ச அதிகாரம் என்று அதைச் சொல்லலாம். ஒரு ஊழியருக்கோ, ஒரு புரோகிராமுக்கோ, கையில் உள்ள வேலையை முடிக்க எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவு மட்டும் கொடு. ஒரு துளி கூடக் கொடுக்காதே. வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள். அவ்வளவுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே ராட்சதக் கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுப் பயன்படுத்திய காலத்தில், ஒருவருடைய தவறு மற்றவர்களின் வேலையைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தவர்கள் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும். 1975இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் பாதுகாப்புக்கான எட்டு விதிகளைப் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்று இது. அதன் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு விதி, முக்கியமான காரியத்துக்கு இரண்டு சாவி வேண்டும் என்பது. அதற்கு அவர்கள் காட்டிய உதாரணம் வேறெதுவும் இல்லை, வங்கி லாக்கர்தான். வங்கியிடமிருந்து கம்ப்யூட்டர்காரர்கள் கற்றுக்கொண்ட பாடத்தை, கம்ப்யூட்டர் வாங்கியதும் வங்கிகள் மறந்துபோனது வேடிக்கை.

மறந்ததற்கு என்ன விலை என்பதை இந்தியா 2018இல் தெரிந்துகொண்டது.

மும்பை ஃபோர்ட் பகுதியில் பிராடி ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருக்கிறது பஞ்சாப் நேஷனல் வங்கியின் கிளை. அந்த வருடம் ஜனவரியில் நீரவ் மோடிக்குத் தொடர்புடைய வைர நிறுவனங்களின் பிரதிநிதிகள் அங்கே வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கக் கடன் வசதி வேண்டும் என்றார்கள். சீட்டில் இருந்த அதிகாரி, 100 சதவீத ரொக்க மார்ஜின் கட்டுங்கள் என்றார். அவர்களுக்கு ஆச்சரியம். இத்தனை வருடமாக அப்படி எதுவும் கட்டாமல்தானே வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். இப்போது வங்கிக்கு ஆச்சரியம். பழைய கணக்குகளைப் புரட்டினார்கள். அப்படி ஒரு வசதி கொடுத்ததற்கான பதிவே இல்லை.

அந்த வசதியின் பெயர் லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங். "இவருக்குக் கடன் கொடுங்கள். அவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம்" என்று உள்ளூர் வங்கி ஒன்று, வெளிநாட்டில் கிளை வைத்திருக்கும் இன்னொரு வங்கிக்கு 2018 வரை கொடுத்துவந்த வாக்குறுதி. காகிதத்தில் போகவில்லை, ஸ்விஃப்ட் என்ற சர்வதேசச் செய்தி வலையமைப்பு வழியாகப் போனது. ஸ்விஃப்ட் பணத்தைச் சுமப்பதில்லை, செய்தியைத்தான் சுமக்கிறது. ஆனால் வங்கி உலகில் அந்தச் செய்தி வந்துவிட்டால் மறுபேச்சுக் கிடையாது. பஞ்சாப் நேஷனல் வங்கியே சொல்லிவிட்டது என்று ஹாங்காங்கில் இருப்பவர் டாலரை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

முறைப்படி பார்த்தால் இந்தச் செய்தியை ஒருவர் தயாரிக்க வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், அதன் பிறகே அது வெளியே போக வேண்டும். அதற்கும் முன்னால், வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் வரம்பு, என்ன ஈடு, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் வங்கியின் மையக் கம்ப்யூட்டர் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் பிராடி ஹவுஸில் இரண்டு கம்ப்யூட்டர் அமைப்புகளும் தனித்தனியாக நின்றன. ஸ்விஃப்டில் செய்தி அனுப்ப, மையக் கணக்கில் பதிவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வாசலில் மேளதாளத்தோடு காவல். பின்வாசல் திறந்து கிடந்தது.

அந்தப் பின்வாசல் வழியாக 2011 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குறுதிக் கடிதங்கள் போயின என்றது விசாரணை. பழைய கடனை அடைக்கப் புதிய கடிதம், அதை அடைக்க இன்னொரு கடிதம் என்று சங்கிலி நீண்டது. வங்கி முதலில் சி.பி.ஐ.யிடம் புகார் கொடுத்தபோது தொகை சுமார் 280 கோடி ரூபாய். பிப்ரவரி 14ஆம் தேதி பங்குச் சந்தைக்குத் தெரிவித்தபோது சுமார் 11,400 கோடி. பிறகு அது 13,000 கோடியைத் தாண்டியது. வங்கியிலிருந்து முதலில் கைதானவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற ஒரு துணை மேலாளர், ஒரு சிங்கிள் விண்டோ ஆபரேட்டர். நீரவ் மோடி ஜனவரி முதல் வாரத்திலேயே நாட்டை விட்டுப் போயிருந்தார். 2019 மார்ச்சில் லண்டனில் கைதானார். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. கம்ப்யூட்டருக்கு முன்னால் என்ன நடந்தது என்பது வேறு கேள்வி.

அந்தத் துணை மேலாளர் 2010 முதல் அதே கிளையில் அதே அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தார். முக்கியமான சீட்டுகளில் இருப்பவர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொதுத்துறை வங்கிகளுக்கு உள்ள விதி. அவர் ஏழு வருடம் இருந்தார். 2017 மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். அதன் பிறகு வந்தவருக்குப் பழைய ஏற்பாடு தெரியவில்லை. அதனால்தான் ரொக்க மார்ஜின் கேட்டார். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. எந்த ஆடிட்டரும் கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கம்ப்யூட்டரும் மணி அடிக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய வங்கி மோசடிகளில் ஒன்றை அம்பலப்படுத்தியது ஒரு ரிட்டையர்மென்ட்.

குறைந்தபட்ச அதிகாரம் என்ற விதி ஒழுங்காக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று சொல்லிவிட முடியாது. செய்தி தயாரிப்பவரும் சரிபார்ப்பவரும் கூட்டுச் சேர்ந்தால் எந்த விதியும் தோற்கும். ஆனால் ஒரு பதவிக்கு இவ்வளவு தொகைக்கு மேல் முடியாது என்று கம்ப்யூட்டரே வரம்பு போட்டிருந்தால், அதை மீற மேலே இருக்கும் ஒருவரும் தேவைப்பட்டிருப்பார். மையக் கணக்கில் பதிவு இல்லாத செய்தியை அனுப்பும் அதிகாரமே அந்தக் கிளையில் யாருக்கும் இல்லாமல் இருந்திருந்தால், கணக்குப் பிரிவில் இருக்கும் இன்னொருவரும் தேவைப்பட்டிருப்பார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த அதிகாரம் தானாகக் காலாவதியாகி, புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தால், ஏன் இவர் இன்னும் இங்கேயே இருக்கிறார் என்று கேட்க ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கும். திருட்டுக்குத் தேவையான கூட்டாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் இந்த விதியின் வேலை. இரண்டு பேர் ஏழு வருடம் ரகசியம் காக்கலாம். ஐந்து பேர் காப்பது கடினம். அதில் ஒருவருக்காவது இன்கிரிமென்ட் விஷயத்தில் மனவருத்தம் இருக்கும்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் வழியாகத் திருடர்கள் சுமார் 95 கோடி டாலரை எடுக்க முயன்று, 8 கோடியே 10 லட்சம் டாலரை பிலிப்பைன்ஸுக்குக் கடத்தினார்கள். அதே வருடம் ஜூலையில் மும்பையைத் தலைமையகமாகக் கொண்ட யூனியன் பாங்க் ஆஃப் இந்தியாவில் சுமார் 17 கோடி டாலர் போகப் பார்த்து, கடைசி நேரத்தில் திரும்பக் கிடைத்தது. ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை ரகசியமாக எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பின்னால் சொன்னது. பிராடி ஹவுஸ் வெடித்த பிறகுதான் தேதி குறித்தது. அதற்குப் பிறகும் எல்லோரும் அசையவில்லை. ஸ்விஃப்ட் கட்டுப்பாடுகளை உரிய காலத்தில் செய்யவில்லை என்று 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒன்றிரண்டு வங்கி அல்ல, 36.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அதிகாரத்தைக் குறைப்பது என்றாலே ஊழியரைத் திருடராகப் பார்ப்பது என்று வங்கிச் சங்கங்களில் முணுமுணுப்பு உண்டு. உண்மையில் இந்த விதி அதிகம் உதவுவது நேர்மையான ஊழியருக்குத்தான். பிராடி ஹவுஸ் செய்தி வெளியான அதே பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையகமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் மூன்று போலி ஸ்விஃப்ட் செய்திகள் போயின. துபாய், துருக்கி, சீனாவில் உள்ள கணக்குகளுக்கு மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்தவர்களின் வேலை இது, ஊழியர்களின் கை இதில் இல்லை என்று வங்கி சொன்னது. அதே வருடம் ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 94 கோடி ரூபாய் போனது. பெரும்பகுதி 28 நாடுகளின் ஏ.டி.எம்.களில் போலி கார்டுகளால் எடுக்கப்பட்டது.

வெளியே இருக்கும் திருடருக்குச் சொந்தமாக அதிகாரம் எதுவும் கிடையாது. யாருடைய கம்ப்யூட்டரைப் பிடித்தாரோ அவருடைய அதிகாரம்தான் அவருக்கு வரும். பாஸ்புக் அச்சடிக்கும் ஊழியர், ஈமெயிலில் வந்த ஏதோ ஒரு இன்வாய்ஸைத் திறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஐ.டி.க்குப் பாஸ்புக் அச்சடிக்க மட்டுமே முடியும் என்றால் திருடருக்குக் கிடைப்பது பாஸ்புக்தான். அவசரத்துக்கு உதவும் என்று அந்த ஐ.டி.க்கு எல்லாம் செய்யும் அதிகாரம் கொடுத்து வைத்திருந்தால், திருடருக்குக் கிடைப்பது வங்கி.

மனிதருக்குப் பொருந்துவது மெஷினுக்கும் பொருந்தும். 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைச் சைபர் தாக்குதல் பூட்டிப்போட்டது. புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவது முதல் லேப் ரிப்போர்ட் வரை நாள்கணக்கில் கையால் நடந்தது. நெட்வொர்க் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரு கம்ப்யூட்டருக்கு இன்னொரு கம்ப்யூட்டரிடம் பேச வேலையே இல்லை என்றால், பேச வழியும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைப்பது சுலபம், மலிவு. தீப்பிடித்தால் கூரை முழுவதும் பிடிக்கும்.

இவ்வளவு எளிய விதியை ஏன் யாரும் கடைப்பிடிப்பதில்லை?

முதல் காரணம் கௌரவம். நம் அலுவலகங்களில் அதிகாரம் என்பது வேலைக்கான கருவி அல்ல, பதவிக்கான அலங்காரம். பெரிய மேஜை, சுழல் நாற்காலி, துண்டு போட்ட சீட், அதோடு கம்ப்யூட்டரில் ஃபுல் ஆக்சஸ். வருடத்தில் ஒருமுறை கூடத் திறந்து பார்க்காத ஃபைல்களுக்கெல்லாம் தலைவருக்கு அனுமதி இருக்கும். "சார், உங்களுக்கு இது தேவையில்லை" என்று ஜெனரல் மேனேஜரிடம் சொல்லக்கூடிய கம்ப்யூட்டர் பிரிவு ஊழியர் இன்னும் பிறக்கவில்லை. பிராடி ஹவுஸுக்குப் பிறகு பஞ்சாப் நேஷனல் வங்கி ஸ்விஃப்ட் வேலையைக் கிளார்க்குகளிடமிருந்து எடுத்து அதிகாரிகளிடம் மட்டும் கொடுத்தது. கூடவே பதவிவாரியாகத் தொகை வரம்பும் வைத்தது. வரம்பு நல்ல காரியம். ஆனால் கிளார்க்கைவிட அதிகாரி நம்பகமானவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. முதலில் கைதான இருவரில் பெரியவர் அதிகாரிதான்.

இரண்டாவது காரணம் ஆள் பற்றாக்குறை. இதைப் பற்றி மேலிடத்தில் யாரும் பேசுவதில்லை. செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்புதல் கொடுப்பவர் ஒருவர் என்று சர்க்குலர் வருகிறது. கிராமக் கிளையில் இருப்பதே மேனேஜர், ஒரு கிளார்க், ஒரு பியூன். மேனேஜர் விவசாயக் கடன் பார்க்க வயலுக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் பென்ஷன் வாங்க வந்த கிழவி இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நாளைக்கு வாங்க என்று அவளைத் திருப்பி அனுப்ப அந்தக் கிளார்க்குக்கு மனம் வராது. பாஸ்வேர்டைக் கேட்கிறார், கிடைக்கிறது, கிழவி பணத்தோடு போகிறாள். இதைப் பாதுகாப்பு மீறல் என்று ரிப்போர்ட் எழுதுவது சுலபம். மூன்று பேருக்கான விதியை எழுதிவிட்டு இரண்டு பேரை அனுப்பியது யார் என்று அந்த ரிப்போர்ட்டில் இருக்காது.

ஆனால் பிரச்சினை வந்தால் மாட்டிக்கொள்வது அந்தக் கிளார்க்தான், அல்லது பாஸ்வேர்டைக் கொடுத்த மேனேஜர். விசாரணை அதிகாரியிடம் கம்ப்யூட்டர் சொல்வது ஒன்றே ஒன்று: எந்த ஐ.டி., எந்த நேரம். விரலை அழுத்தியது யார் என்று அதற்குத் தெரியாது. "நான் அன்று லீவு" என்று நிரூபித்தால், "அப்படியானால் பாஸ்வேர்டு எப்படி வெளியே போனது?" என்பது அடுத்த கேள்வி. பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். உதவி செய்யப் போனவர், தான் மோசடி செய்யவில்லை என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வருவார். ஒரு கிழவியின் பென்ஷனுக்காகப் பகிர்ந்த பாஸ்வேர்டு, ஒரு வாரம் கழித்து வேறு எதற்கோ பயன்பட்டிருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆள் இல்லாத கிளைக்கு ஒப்புதல் கொடுக்கும் வேலையைப் பக்கத்துக் கிளைக்கோ வட்டார அலுவலகத்துக்கோ கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்பலாம். மேனேஜர் வெளியே போகும் நாளுக்கு மட்டும், குறிப்பிட்ட தொகைக்கு மட்டும், மாலை ஆறு மணிக்குத் தானாக மறைந்துவிடும் அதிகாரத்தை இன்னொருவர் பெயரிலேயே கொடுக்கலாம். அவருடைய பாஸ்வேர்டு அவரிடம், இவருடையது இவரிடம். மென்பொருளில் இதெல்லாம் பெரிய வித்தையே அல்ல. யாராவது உட்கார்ந்து, எந்த வேலைக்கு எது தேவை என்று பட்டியல் போட வேண்டும். அதைச் செய்யத்தான் யாருக்கும் நேரமில்லை. எல்லோருக்கும் எல்லாம் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புகார் போன் வராது.

அலுவலக விஷயம்தானே என்று வாசகர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் செல்போனிலும் இதே கதைதான். 2020, 2021இல் உடனடிக் கடன் தரும் ஆப்கள் நாடு முழுவதும் பரவின. ஐந்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்க அவை கேட்டது போனில் உள்ள எல்லோருடைய நம்பர்களையும், போட்டோக்களையும். அவசரத்தில் இருந்தவர்கள் அனுமதி பட்டனை அழுத்தினார்கள். தவணை தவறியதும் மாமனாருக்கும் ஆபீஸ் மேலாளருக்கும் போன் போனது. போட்டோக்களை அசிங்கமாக மாற்றி அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. கடன் கொடுக்க ஒருவருடைய நம்பர் பட்டியல் எதற்கு? 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள் அதைத்தான் கேட்டன. கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர் பட்டியல், கால் விவரம், ஃபைல்கள் எதையும் தொடக் கூடாது. ஆளை அடையாளம் காணும் வேலைக்கு மட்டும், சம்மதம் வாங்கி, ஒரே ஒருமுறை கேமராவையும் மைக்கையும் இருப்பிடத்தையும் பயன்படுத்தலாம். எம்.ஐ.டி. பேராசிரியர்கள் சொன்னதும் இதுவேதான், 47 வருடம் முன்னால்.

மூன்றாவது காரணம் ஒன்று மிச்சமிருக்கிறது. கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. கடன் பிரிவிலிருந்து ஒருவர் டெபாசிட் பிரிவுக்கு மாறுகிறார். டெபாசிட்டுக்கான அதிகாரம் அன்றே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அவரே போன் போட்டுச் சண்டை பிடிப்பார். கடன் பிரிவின் பழைய அதிகாரத்தை எடுத்துவிடுங்கள் என்று சண்டை பிடிக்க ஆள் இல்லை. நான்கு சீட் மாறினால் நான்கு சீட்டின் அதிகாரமும் அவர் ஐ.டி.யில் சேர்ந்துவிடும். இருபது வருட சர்வீஸ் உள்ளவருடைய ஐ.டி., அவரே அறியாமல், சேர்மனுடையதைவிடப் பலமாக இருக்கும். வேலையை விட்டுப் போன கான்ட்ராக்ட் ஆட்களின் ஐ.டி.க்கள் தனி அத்தியாயம்.

வருடா வருடம் இடமாற்ற சீசன் வரும். மேனேஜர்கள் பெட்டி கட்டுவார்கள். பிரிவுபசாரம் நடக்கும், சால்வை போர்த்துவார்கள், போண்டா, காபி. அதற்கு முன்னால், மறக்காமல், பெட்டகச் சாவி புதியவரிடம் ஒப்படைக்கப்படும். பதிவேட்டில் தேதி, நேரம், இரண்டு கையெழுத்து. பழைய மேனேஜரின் ஐ.டி.யை மூடுவதற்கான படிவமும் ஒன்று உண்டு. அது மேஜை டிராயரில், போன தடவை மாறிப்போனவரின் படிவத்துக்கு மேலே, நிரப்பாமல் கிடக்கும்.